ரன்அவுட்டுக்கு சிபிகே 0.58 காட்டுது, கோ நோ-கோ செக்குக்கும் சிபிகே கேக்குறாங்க, யாராவது வழி சொல்லுங்க

ஓசூர்_க்யூசி:

வணக்கம் எல்லாருக்கும். ஓசூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டில இருக்கேன், மூணு வருஷ அனுபவம். புது ஷாஃப்ட் ஒண்ணு டெவலப் பண்ணிட்டு இருக்கோம், கஸ்டமருக்கு பிபிஏபி (பார்ட்டுக்கு ஒப்புதல் வாங்குற ஆவணத் தொகுப்பு) சப்மிட் பண்ணணும், அதுல ரெண்டு இடத்துல மாட்டிக்கிட்டேன்.

முதல் விஷயம் ரன்அவுட், அதாவது ஷாஃப்ட் சுத்தும்போது எவ்ளோ ஆடுதுங்கிற அளவு. டிராயிங்ல அதிகபட்சம் 0.05 மிமீ, அதாவது 50 மைக்ரான். கிரைண்டிங் முடிஞ்சு வரிசையா 125 பீஸ் எடுத்து பென்ச் சென்டர்ல மாட்டி பப்பி டயல் வச்சு பாத்தேன், டயலோட லீஸ்ட் கவுன்ட் (அது காட்டுற மிகச் சின்ன அளவு) 0.01. வந்த ரீடிங் இதுதான்: 0 வந்தது 15 பீஸ், 0.01 வந்தது 70, 0.02 வந்தது 35, 0.03 வந்தது 5. ஒரு பீஸ் கூட 0.03ஐ தாண்டல. ஆனா சாஃப்ட்வேர்ல கீழ் லிமிட் 0, மேல் லிமிட் 0.05னு போட்டா சிபிகே (லிமிட்டுக்குள்ள நிக்க புரோசஸுக்கு எவ்ளோ திறன்னு சொல்ற நம்பர், பெருசா இருந்தா நல்லது) 0.58 வருது. நார்மாலிட்டி டெஸ்ட்லயும் பி வேல்யூ 0.005க்கு கீழ, அதாவது டேட்டா பெல் கர்வ் வடிவத்துல இல்ல. கஸ்டமர் கேக்குறது 1.67, குறைஞ்சது 1.33. எங்க மேனேஜர் மெஷின் சரியில்லன்னு புரொடக்ஷன் ஆளுங்கள கூப்பிட்டு திட்டிட்டாரு, அவங்க என்னை முறைக்கிறாங்க. எல்லா பீஸும் லிமிட்டுக்கு ரொம்ப உள்ள இருக்கும்போது 0.58 எப்படி வரும்னு எனக்கே புரியல.

ரெண்டாவது, அதே ஷாஃப்ட் முனைல ஒரு எம்8 டேப்பிங் ஹோல் இருக்கு. அத திரெட் பிளக் கேஜ் வச்சு கோ நோ-கோ தான் பாக்குறோம், அதாவது கேஜோட ஒரு முனை உள்ள போகணும், இன்னொரு முனை போகக் கூடாது. 300 பீஸ் பாத்தாச்சு, ஒண்ணு கூட ரிஜெக்ட் இல்ல. ஆனா ஃபார்மட்ல அதுக்கும் சிபிகே காலம் இருக்கு. ரிஜெக்ட்டே இல்லல்ல, 2.0ன்னு போட்டுடுன்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. பாஸ் ஃபெயில் டேட்டாவுக்கு சிபிகே போடவே முடியாதா, போடலாம்னா எப்படி?

பழைய_கிரைண்டிங்காரன்:

தம்பி, 2.0ன்னு எழுதாம இங்க வந்து கேட்டீங்க பாருங்க, அது நல்ல விஷயம். ரன்அவுட்ட பத்தி மட்டும் நான் சொல்றேன், 26 வருஷம் சிலிண்ட்ரிகல் கிரைண்டர் பக்கத்துலயே இருந்தவன்.

முதல்ல அந்த கீழ் லிமிட் 0வ எடுத்துடுங்க. ரன்அவுட்டுக்கு கீழ் லிமிட்னு ஒண்ணு கிடையாது. 0ங்கிறது நீங்க தாண்டிடக் கூடாத சுவர் இல்ல, அதான் நாம போய் சேர ஆசைப்படுற இடம். அத எல்எஸ்எல் (கீழ் லிமிட்) கட்டத்துல போட்டா சாஃப்ட்வேர் என்ன நினைக்கும்? 0க்கு பக்கத்துல இருக்குற நல்ல பீஸ் எல்லாம் ரிஜெக்ட் ஆகுற ஓரத்துல நிக்குதுன்னு நினைச்சுக்கும். ஃப்ளாட்னெஸ், ரவுண்ட்னெஸ், கான்சென்ட்ரிசிட்டி, சர்ஃபேஸ் ஃபினிஷ் எல்லாத்துக்கும் இதே கதைதான். மினிடேப் சாஃப்ட்வேர்ல அந்த கட்டத்த காலியா விடலாம், இல்லன்னா அது பவுண்டரின்னு டிக் பண்ற ஆப்ஷன் இருக்கு, அத டிக் பண்ணா அந்தப் பக்கம் கணக்கே போடாது.

ரெண்டாவது உங்க டயல். 50 மைக்ரான் டாலரன்ஸ அளக்க 10 மைக்ரான் டயலா? டாலரன்ஸ்ல பத்துல ஒரு பங்காவது கேஜ் பிரிச்சு காட்டணும்ங்கறது பால பாடம், அதுவும் குறைந்தபட்சம். நீங்க குடுத்த 125 ரீடிங்ல மொத்தம் நாலே நாலு நம்பர்தான் இருக்கு. அது அளந்த டேட்டா மாதிரி தெரியுது, ஆனா உண்மையில நாலு டப்பால பீஸ பிரிச்சு போட்ட மாதிரி. அதுல நார்மாலிட்டி டெஸ்ட் போட்டா பாஸ் ஆகவே ஆகாது, புரோசஸ் எப்படி இருந்தாலும் சரி. 1 மைக்ரான் டயல் ஸ்டோர்ல இருக்கும், வாங்கி அதே 125 பீஸயும் திரும்ப அளங்க. அளக்கும்போது சென்டர் ஹோல்ல பர், கூலன்ட் சேறு இல்லாம தொடைச்சுட்டு மாட்டுங்க, 3 மைக்ரான் சும்மா அங்கயே வந்துடும்.

இன்னொண்ணு, பீஸ் எந்த வரிசைல மெஷின விட்டு வந்துச்சோ அந்த வரிசை உங்ககிட்ட இருக்கா? இருந்தா மொதல்ல அந்த வரிசைல ஒரு கிராஃப் போடுங்க, சிபிகே எல்லாம் அப்புறம். ஷூவார்ட் 1924ல கன்ட்ரோல் சார்ட் வரைஞ்சப்ப இருந்து இதான் முறை, புரோசஸ் ஒரே மாதிரி ஓடுதான்னு பாத்துட்டுதான் அதோட திறன பேசணும். இத செய்யாம நேரா சிபிகேவுக்கு ஓடுறவங்க நிறைய பேர பாத்துட்டேன்.

அம்பத்தூர்_மினிடேப்:

ப்ரோ இவ்ளோ கஷ்டம் வேண்டாம், பாக்ஸ்-காக்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் (டேட்டாவ ஒரு பவருக்கு உயர்த்தி நார்மலாக்குற கணக்கு) போடுங்க, நார்மல் ஆயிடும், சிபிகே வந்துடும். நாங்க எல்லா நான்-நார்மல் டேட்டாவுக்கும் அதான் பண்றோம், எந்த ஆடிட்லயும் பிரச்சனை வந்ததில்ல.

எண்_வாசகி:

நான் புள்ளியியல் படிச்சிட்டு பதினோரு வருஷமா கம்பெனிகளுக்கு எஸ்பிசி (புள்ளியியல் வச்சு புரோசஸ கட்டுப்படுத்துறது) டிரெய்னிங் எடுக்குறேன். அம்பத்தூர் நண்பர் சொல்ற பாக்ஸ்-காக்ஸ் நல்ல கருவிதான், 1964ல பாக்ஸும் காக்ஸும் குடுத்தது, இன்னைக்கும் உபயோகப்படுது. ஆனா இந்த டேட்டால அது ஓடவே ஓடாது, ஏன்னா 15 ரீடிங் 0. பாக்ஸ்-காக்ஸுக்கு எல்லா மதிப்பும் 0க்கு மேல இருக்கணும். எல்லாத்துலயும் 1 கூட்டிட்டு போடுவாங்க சில பேர், அந்த 1 எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா பதில் இருக்காது, 1க்கு பதிலா 5 கூட்டினா சிபிகே வேற வரும். அப்புறம் நான் கிளாஸ்ல அடிக்கடி பாக்குற தப்பு, டேட்டாவ மட்டும் ஸ்கொயர் ரூட் எடுத்துட்டு லிமிட்ட அப்படியே 50ன்னு விட்டுடுறது. லிமிட்டையும் அதே மாதிரி மாத்தி 7.07ன்னு போடணும். மாத்தாம விட்டா சிபிகே 16 மாதிரி ஒரு நம்பர் வரும், அத அப்படியே ரிப்போர்ட்ல ஒட்டி அனுப்பினதையும் பாத்திருக்கேன்.

இப்ப ஓசூர் தம்பி கேள்விக்கு வரேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. ரன்அவுட் ஏன் பெல் கர்வ் மாதிரி வராது? ஷாஃப்ட்டோட அச்சு நடுவுல இருந்து கொஞ்சம் விலகுது. அந்த விலகல் இடவலமாவும் இருக்கலாம் மேல்கீழாவும் இருக்கலாம், ரெண்டு திசைலயும் தனித்தனியா பாத்தா அது நார்மலாதான் இருக்கும், பிளஸும் வரும் மைனஸும் வரும். ஆனா டயல் நமக்கு திசைய காட்டாது, மொத்த தூரத்த மட்டும் காட்டுது, தூரம் மைனஸ்ல போகாது. அப்படி ரெண்டு நார்மல் சேர்ந்து வர்ற தூரத்துக்கு ராலே பரவல்னு பேரு. 0 பக்கம் சட்டுன்னு ஏறி வலது பக்கம் நீளமா வால் விடும். அதனால உங்க டேட்டா நார்மல் இல்லங்கிறது நோய் இல்ல, அதோட பிறவி குணமே அதுதான்.

உங்க 15, 70, 35, 5 எண்ணிக்கைய வச்சு கணக்கு போட்டு பாத்தேன், சிக்மா (ராலேயோட அளவு எண், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் இல்ல) 10 மைக்ரான் உள்ள ராலே பரவல்ல 125 பீஸ் எடுத்து 10 மைக்ரான் டயல்ல அளந்தா கிட்டத்தட்ட இதே எண்ணிக்கைதான் வரும். அந்த பரவலோட சராசரி 12.5, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எஸ்டி, சிதறலோட அளவு) 6.55. சிபிகேங்கிறது சராசரிக்கும் பக்கத்து லிமிட்டுக்கும் உள்ள தூரத்த 3 எஸ்டியால வகுத்தது, இப்ப கீழ் லிமிட்ட 0ன்னு வச்சா 12.5 ÷ (3 × 6.55), 0.64. உங்க டயல் பிரிச்சு காட்டாததால எஸ்டி 7.1ன்னு ஊதி 0.58 ஆயிடுச்சு, அவ்ளோதான்.

இதுல முக்கியமா ஒண்ண கவனிங்க. ராலேல சராசரியும் எஸ்டியும் எப்பவும் ஒரே விகிதத்துல இருக்கும். ரன்அவுட்ட பாதியா குறைச்சீங்கன்னா ரெண்டும் பாதியாகும், 0.64 அப்படியே நிக்கும். பத்துல ஒரு பங்கா குறைச்சாலும் 0.64 தான். அதாவது 0வ கீழ் லிமிட்டா போட்டுட்டு இருக்குற வரைக்கும் உலகத்துலயே பெஸ்ட் கிரைண்டர வாங்கி வச்சாலும் உங்க மேனேஜர் 0.64 தான் பாப்பாரு, அந்த புரொடக்ஷன் ஆளுங்க பாவம், திட்டு வாங்கிட்டே இருக்கணும். இத அவர்கிட்ட காட்டுங்க.

சரி, மேல் லிமிட் மட்டும் வச்சு போட்டா? நார்மல்னு நினைச்சு (50 - 12.5) ÷ (3 × 6.55) போட்டா 1.91. சந்தோஷப்பட்டு எழுதிடாதீங்க, இதுவும் தப்பு, இந்த தடவ தப்பு நமக்கு சாதகமா இருக்கு. 1.91னா பத்து கோடில ஒரு பீஸ் கூட வெளிய போகாதுன்னு அர்த்தம். ராலே வால வச்சு பாத்தா பத்து லட்சத்துல மூணு நாலு பீஸ் போகும். எத்தனை மடங்கு வித்தியாசம்னு பாருங்க.

நான் சொல்ற வழி பெர்சென்டைல் முறை. 1989ல கிளெமென்ட்ஸ் எழுதினது, ஐஎஸ்ஓ 22514லயும் அடிப்படை யோசனை அதுதான். நார்மல்ல சராசரிக்கு மேல 3 சிக்மாங்கிறது 99.865 பெர்சென்டைல், அதாவது 99.865 சதவீத பீஸ் அதுக்கு கீழ இருக்கும். அப்ப எந்த வடிவமா இருந்தாலும் சராசரிக்கு பதில் மீடியன் (நடு மதிப்பு), 3 சிக்மாவுக்கு பதில் மீடியன்ல இருந்து 99.865 பெர்சென்டைல் வரைக்கும் உள்ள தூரம். இங்க மீடியன் 11.8, அந்த பெர்சென்டைல் 36.4. (50 - 11.8) ÷ (36.4 - 11.8), 1.55. வேற மாதிரி, வெளிய போற பங்க நேரா எடுத்து அதுக்கு சமமான இசட்ட (நார்மல்ல அந்த பங்கு வெளிய விழ லிமிட் எத்தனை சிக்மா தள்ளி இருக்கணும்ங்கிற எண்) மூணால வகுத்தா 1.49. ஸ்கொயர் ரூட் டிரான்ஸ்ஃபார்ம் பண்ணினா 1.28.

ஒரே பீஸ், ஒரே லிமிட், 1.91, 1.55, 1.49, 1.28. உங்க கஸ்டமரோட 1.33 கோடு இதுக்கு நடுவுல விழுது. முடிவு எது வேணுமோ அந்த முறைய தேர்ந்தெடுக்கிற ஆபத்து இருக்குல்ல, அதனால டேட்டாவ பாக்குறதுக்கு முன்னாடியே எந்த முறைன்னு முடிவு பண்ணிடணும், காரணத்தோட. 99.865 பெர்சென்டைல்ங்கிறது சராசரியா 740 பீஸுக்கு ஒண்ணு தாண்டுற இடம், நம்ம கைல இருக்குறது 125. அந்த இடத்த நாம பாக்கல, வடிவத்த நம்பி நீட்டி வரைஞ்சிருக்கோம். அந்த வடிவத்துக்கு மெஷின்ல ஒரு காரணம் சொல்ல முடியணும். சாஃப்ட்வேர் பதினாலு பரவல போட்டு பி வேல்யூ அதிகமா வந்தத எடுத்து குடுக்கும், அது காரணம் ஆகாது.

ஓசூர்_க்யூசி:

அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி, மூணு தடவ படிச்சேன். அண்ணா சொன்ன மாதிரி 1 மைக்ரான் டயல் கேட்டிருக்கேன், நாளைக்கு கிடைக்கும். பீஸ் எல்லாத்துலயும் சீரியல் நம்பர் பேனால எழுதி வச்சிருக்கேன், வரிசை இருக்கு. அந்த டேப்பிங் ஹோல பத்தியும் யாராவது சொல்லுங்க, சனிக்கிழமைக்குள்ள குடுக்கணும்.

கோவை_ஃபவுண்டரி:

அது என்னோட ஏரியாங்க. நாங்க கோயமுத்தூர்ல பம்புக்கு காஸ்டிங் போடுறோம், எங்ககிட்ட முக்கால்வாசி டேட்டா பாஸ் ஃபெயில் தான், லீக் டெஸ்ட், புளோ ஹோல், விஷுவல்.

முதல்ல உங்க 300ல 0 என்ன சொல்லுதுன்னு பாக்கலாங்க. ரிஜெக்ட் 0னா ரிஜெக்ஷன் ரேட் 0ன்னு அர்த்தம் இல்ல. ஒரு ஈஸியான விதி இருக்கு, n பீஸ்ல ஒண்ணும் வரலைன்னா 95 சதவீத நம்பிக்கையோட உண்மையான ரேட் 3/n க்குள்ள இருக்குன்னு சொல்லலாம். 3/300, அதாவது 1 சதவீதம். நூத்துக்கு ஒண்ணு கெட்டு போற டேப்பிங் கூட 300 பீஸ்ல ஒண்ணும் காட்டாம போக வாய்ப்பு இருக்கு. 1 சதவீதத்துக்கு இசட் 2.33, மூணால வகுத்தா 0.78. அதனால உங்க டேட்டாவ வச்சு நேர்மையா சொல்ல முடிஞ்சது, 0.78க்கு குறையாம இருக்குன்னு மட்டும்தான். 2.0 எங்க, 0.78 எங்க.

1.33ஐ இப்படி நிரூபிக்கணும்னா ஒரு பக்கத்துக்கு பத்து லட்சத்துல 32 பீஸ், அப்ப சுமார் 95,000 பீஸ் ஒண்ணு கூட ரிஜெக்ட் ஆகாம பாத்திருக்கணும். 1.67னா ஒரு கோடிக்கு மேல. டெவலப்மென்ட் லாட்ல இது நடக்குற காரியமாங்க? இதனாலதான் ஃபார்மட்ல அந்த காலத்துல சிபிகே போடுறதே அர்த்தம் இல்லாத வேலைன்னு நான் சொல்றேன். அட்ரிப்யூட் (பாஸ் ஃபெயில்) டேட்டாவுக்கு புரோசஸ் திறன்ங்கிறது அந்த சராசரி ரிஜெக்ஷன் ரேட்டேதான், பி பார். அத ஸ்டேபிளான பி சார்ட்ல (ரிஜெக்ஷன் ரேட்ட வரிசையா போடுற கன்ட்ரோல் சார்ட்) இருந்து எடுத்து பிபிஎம்ல (பத்து லட்சத்துக்கு எத்தனை) எழுதணும், ஏஐஏஜி (அமெரிக்க ஆட்டோ துறை அமைப்பு) எஸ்பிசி மேனுவலும் அதைத்தான் சொல்லுது.

அப்புறம் சிக்மா லெவல்னு ஒரு கணக்கு உண்டுங்க, அதுலதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. எங்க லீக் டெஸ்ட்ல 2.1 சதவீதம் போகுதுன்னு வைங்க. இசட் 2.03, சிபிகேவுக்கு சமம் 0.68. ஒரு கன்சல்டன்ட் வந்தாரு, 1.5 ஷிஃப்ட் கூட்டணும்னு 3.53 சிக்மான்னு போட்டாரு, அப்புறம் அத மூணால வகுத்து 1.18ன்னு ரிப்போர்ட் குடுத்தாரு. அதே ரிஜெக்ஷன், அதே காஸ்டிங், ஆனா 0.68 போயி 1.18 ஆயிடுச்சு. அந்த 1.5 மோட்டரோலால சிக்ஸ் சிக்மா ஆரம்பிச்சப்ப நாள்பட புரோசஸ் நகர்றதுக்காக விட்ட இடம், நாம எண்ணி பாத்த ரிஜெக்ஷன்ல அந்த நகர்வு ஏற்கனவே இருக்கு. அத திருப்பி கூட்டுறது கஸ்டமர ஏமாத்துறதுங்க, எனக்கு அன்னிக்கு வந்த கோவம் இன்னும் போகல. இன்னொரு வழி டிபிஎம்ஓ (தப்பு வர வாய்ப்புள்ள பத்து லட்சம் இடத்துக்கு எத்தனை தப்பு), ஒரு காஸ்டிங்ல தப்பு வர 40 இடம் இருக்குன்னு எழுதிட்டா 21,000 பிபிஎம் 525 ஆயிடும். இடத்த எத்தனைன்னு எண்ணுறது நம்ம கைல இருக்கும்போது அந்த நம்பர நான் நம்பறதில்ல.

பி சார்ட்லயும் ஒரு சிக்கல் இருக்கு, டேப்பிங் மெஷினுக்கு பின்னாடி உதவும், அதனால சொல்லிடுறேன். ஷிஃப்ட்டுக்கு 1500 காஸ்டிங், சராசரி 2.1 சதவீதம்னா பைனாமியல் கணக்குல கன்ட்ரோல் லிமிட் சுமார் 1.0ல இருந்து 3.2 வரைக்கும் வரும். ஆனா எங்க சார்ட் தினமும் வெளிய போகும், ஒரு நாள் 0.5, ஒரு நாள் 4.5. ஏன்னா ஒரு உருக்கு கெட்டா அதுல ஊத்தின அத்தனை அச்சும் சேர்ந்து கெடும், ஒவ்வொரு காஸ்டிங்கும் தனித்தனியா காசு சுண்டுற மாதிரி கிடையாது. பைனாமியல் அப்படி தனித்தனின்னு நினைச்சுதான் லிமிட் போடுது. இதுக்கு லேனி 2002ல ஒரு திருத்தம் குடுத்தாரு, பி டேஷ் சார்ட், நாளுக்கு நாள் இருக்குற இயல்பான ஏத்த இறக்கத்தையும் லிமிட்டுக்குள்ள சேக்கும். டேப்பிங்லயும் டேப் மழுங்க ஆரம்பிச்சா ரிஜெக்ட் தனியா வராது, கொத்தா வரும். அதனால 300 பீஸ் ஒரே புது டேப்ல போட்டதா, டேப் ஆயுசு முடியுற நேரத்து பீஸும் இருக்கான்னு பாருங்க. புது டேப் மட்டும்னா அந்த 300ம் ஒரே கேள்விக்குதான் பதில் சொல்லுது.

முடிஞ்சா அளக்குற விஷயமா மாத்திடுங்க. டேப்புக்கு முன்னாடி போடுற டிரில் ஹோல் டயாவ அளக்கலாம், டேப்பிங் டார்க் எடுக்கலாம். 30 பீஸ்ல அளந்தது ஆயிரம் பீஸ் கோ நோ-கோவ விட அதிகம் சொல்லும்.

ஸ்ரீபெரும்புதூர்_எஸ்க்யூஇ:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்குற ஆள், சப்ளையர் பிபிஏபி பாக்குறதுதான் வேலை. ரெண்டு விஷயம் மட்டும்.

சிபிகே 1.9ன்னு மட்டும் எழுதி வர்ற ஷீட்ட விட, ஹிஸ்டோகிராமும் வரிசை கிராஃபும் வச்சு, இது ஒரு பக்க டாலரன்ஸ், நார்மல் இல்ல, பெர்சென்டைல் முறைல 1.5ன்னு எழுதி வர்ற ஷீட்டதான் நான் நம்புவேன். 1.67க்கு மேல போனா நேரா ஓகே, 1.33ல இருந்து 1.67 வரைக்கும் உக்காந்து பேசலாம், அதுக்கு கீழ ஆக்ஷன் பிளான் வேணும், அதான் பிபிஏபி மேனுவல்ல இருக்கு. அதே மேனுவல்ல நார்மல் இல்லாத டேட்டாவுக்கும் ஒரு பக்க ஸ்பெக்குக்கும் கஸ்டமரோட பேசி வேற அளவுகோல் முடிவு பண்ணணும்னும் இருக்கு. அதனால சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஒரு மெயில் போடுங்க தம்பி, எந்த முறைன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. பின்னாடி ஆள் மாறினாலும் பேப்பர் இருக்கும்.

பிளக் கேஜ பொறுத்தவரை அட்ரிப்யூட் எம்எஸ்ஏ (கேஜும் ஆளுங்களும் ஒரே முடிவ தர்றாங்களான்னு பாக்குற சோதனை) பண்ணீங்களா? 50 பீஸ், மூணு பேரு, மூணு தடவ. அந்த 50ல லிமிட் ஓரத்துல இருக்குற பீஸும் ரிஜெக்ட் பீஸும் கலந்து இருக்கணும், எல்லாமே நல்ல பீஸா வச்சு 100 சதவீதம் மேட்ச்னு கொண்டு வராதீங்க. கேஜ் பிடிக்கிறவரு ஒருத்தர் லேசா திருகி பாப்பாரு, இன்னொருத்தர் அழுத்தி திருகுவாரு, அந்த வித்தியாசத்துலயே ரிஜெக்ட் மாறும்.

ஓசூர்_க்யூசி:

நாலு நாள் கழிச்சு வரேன், நடந்தத சொல்லணும்னுதான்.

1 மைக்ரான் டயல்ல அதே 125 பீஸயும் அளந்தேன், ஒரு பீஸுக்கு மூணு நிமிஷம் ஆச்சு. சராசரி 12.5, எஸ்டி 6.6, அக்கா கணக்கு போட்டது அப்படியே வந்துச்சு. ரொம்ப சந்தோஷத்துல பெர்சென்டைல் போட உக்காந்தேன், அப்பதான் அண்ணா வரிசைல கிராஃப் போடுன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. போட்டு பாத்தா 83வது பீஸ் வரைக்கும் சராசரி 10, 84ல இருந்து கடைசி வரைக்கும் 17.4. கோடு போட்டு பிரிச்ச மாதிரி. ஆபரேட்டர் அண்ணன்கிட்ட போய் நின்னேன், அவரே சொல்லிட்டாரு, அந்த இடத்துல டெயில்ஸ்டாக் டெட் சென்டர (ஷாஃப்ட் முனைய தாங்குற, சுத்தாத கூம்பு) மாத்திருக்காங்க, ஸ்டோர்ல இருந்து குடுத்தது ஏற்கனவே ஓட்டினது. கழட்டி வெளிச்சத்துல காட்டினாரு, கூம்புல ஒரு பக்கமா வளையம் மாதிரி தேஞ்சு பளபளன்னு இருக்கு, நகத்த வச்சு தடவினா தட்டுது.

சென்டர கிரைண்ட் பண்ணி மாட்டி, திரும்ப 125 பீஸ் எடுத்தோம். இப்ப கிராஃப் ஒரே மாதிரி போகுது, படி எதுவும் இல்ல. சராசரி 10.0, மீடியன் 9.4, அதிகபட்சம் 24. ராலே வச்சு 99.865 பெர்சென்டைல் 29.1, (50 - 9.4) ÷ (29.1 - 9.4), 2.06 வருது. அக்கா சொன்னத சரிபாக்க சும்மா கீழ் லிமிட் 0 போட்டு பாத்தேன், அதே 0.64! அத பிரின்ட் எடுத்து பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல வச்சு மேனேஜர்கிட்ட காட்டினேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு புரொடக்ஷன் சூப்பர்வைசர கூப்பிட்டு தப்பா பேசிட்டேன்னு சொல்லிட்டாரு.

கஸ்டமருக்கு முறைய எழுதி மெயில் போட்டோம், சரின்னு பதில் வந்துச்சு. டேப்பிங்குக்கு சிபிகே காலத்துல கோடு போட்டுட்டு, அட்ரிப்யூட், 300ல 0, 95 சதவீத மேல் எல்லை 1 சதவீதம்னு எழுதினேன். கோவை அண்ணா கேட்டது சரிதான், 300ம் ஒரே டேப்ல போட்டது, அதுவும் புதுசு. டேப் மாத்துறதுக்கு முந்தின 50 பீஸ தனியா எடுத்து வைக்க சொல்லிருக்கேன், டிரில் ஹோல் டயாவும் அளக்க ஆரம்பிச்சாச்சு.

எண்_வாசகி:

தம்பி, நீங்க இத எழுதினதுக்கு நான்தான் நன்றி சொல்லணும். 15, 70, 35, 5 ராலேக்கு அப்படியே பொருந்துதுன்னு நான் எழுதினேன், பொருந்தத்தான் செஞ்சுது, ஆனா உள்ள இருந்தது ரெண்டு வேற புரோசஸ். பரவல் நல்லா பொருந்துறதால புரோசஸ் நிலையா இருக்குன்னு ஆகாது, ஹிஸ்டோகிராம்ல நேரம் கிடையாது. அந்த 1.55க்கும் 1.28க்கும் நடந்த மொத்த வாதமும் கலந்து போன டேட்டா மேல நடந்திருக்கு. அடுத்த பேட்ச்ல இருந்து உங்க கிராஃப என் கிளாஸ்ல காட்டலாமா, கம்பெனி பேரு பார்ட் நம்பர் எதுவும் இல்லாம?

ஓசூர்_க்யூசி:

தாராளமா காட்டுங்க அக்கா.

பழைய_கிரைண்டிங்காரன்:

நல்லது தம்பி. அந்த தேஞ்ச சென்டர் ஸ்டோருக்கு திரும்ப போயிடாம பாத்துக்கோங்க, சிவப்பு பெயின்ட் அடிச்சு தனியா வைங்க. இனிமே சென்டர் மாத்துனா மாத்துன பீஸ் நம்பர ஆபரேட்டர் அந்த சார்ட்லயே எழுதணும், அதுக்கு ஒரு காலம் போட்டு குடுங்க.